அம்மாவின் டிரங்குப் பெட்டியில் 14 கிலோ நூல்: எங்கே தொடங்குவது?

தொரப்பாடியிலிருந்து ஒரு பெண் கேட்டிருக்கிறார். நாற்பது ஆண்டுகளாக அவருடைய அம்மா சேர்த்து வைத்த உல்லனும் குரோஷா நூலும் ஒரு டிரங்குப் பெட்டியிலும் இரண்டு சூட்கேஸ்களிலும் நிறைந்து கிடக்கின்றன. எடை போட்டால் 14 கிலோ. அம்மாவுக்கு விரல் மூட்டுகளில் வலி. இனிப் பின்ன முடியாது. பாதிக்கு மேல் லேபிள் இல்லை. மகளுக்குச் சங்கிலி, ஒற்றைக் குரோஷா, இரட்டைக் குரோஷா என்ற மூன்று அடிப்படைப் பின்னல்கள் மட்டும் தெரியும். பழைய சாமான்காரரிடம் போட மனம் வரவில்லை. "வேலூர் வெயிலில் யாருக்கு ஸ்வெட்டர் பின்னுவது? ஒரு வருடத்தில் இதைத் தீர்க்க முடியுமா?" என்பது கேள்வி.

முடியும். ஆனால் 14 கிலோவையும் நீங்களே பின்னித் தீர்ப்பதாக நினைத்துக்கொண்டு உட்காராதீர்கள். மாலையில் ஒரு மணி நேரம் பின்னுகிறவருக்கு ஒரு கிலோ நூல் ஓர் ஆண்டின் கணிசமான பகுதியைத் தின்றுவிடும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தையல் ஆசிரியையாக இருந்தவள் நான். ஓய்வு பெற்ற பிறகு என் வீட்டு பீரோவைத் திறந்து பார்த்து, உங்களைப் போலவே மலைத்து நின்றேன். அழகான மாதிரி ஒன்றை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு அதற்கு ஏற்ற நூலைத் தேடியதுதான் நான் செய்த தவறு. இருந்த நூல் போதவில்லை. இணைக்க வெள்ளை நூல் ஒரு கிலோ வாங்கினேன். போர்வை முடிந்தபோது பீரோவில் முன்பு இருந்ததைவிட அதிகமாக நூல் இருந்தது. எனவே மாதிரியைத் தேடாதீர்கள். எது எந்த இழை என்று பிரியுங்கள். இந்த ஊர் வெயிலில் எதை வைத்துக்கொள்வது, எதைக் கொடுத்துவிடுவது என்பதை அந்தப் பிரிவே சொல்லிவிடும்.

நம் பக்கத்தில் உப்பலான நூல் எதுவானாலும் அதற்கு உல்லன் என்றே பெயர். கடைக்காரரும் அப்படித்தான் சொல்வார், வாங்குகிறவரும் அப்படித்தான் கேட்பார். ஆட்டு ரோமம் என்று நம்பி அம்மா பொத்திப் பொத்தி வைத்ததில் பெரும்பகுதி அக்ரிலிக்காக இருக்கும். அதற்கும் ஆட்டுக்கும் சம்பந்தமே இல்லை, பெட்ரோலியத்திலிருந்து செய்வது. கையால் தடவிப் பார்த்து இதைக் கண்டுபிடிப்பது கடினம். தீக்குச்சிதான் உண்மையைச் சொல்லும். விரல் நீளத்துக்கு ஒரு துண்டை நறுக்கி, இடுக்கியில் பிடித்து, எவர்சில்வர் தட்டுக்கு மேலே நெருப்பைக் காட்டுங்கள். பருத்தி காகிதம் போலச் சட்டென்று எரிந்து, மெல்லிய சாம்பலாக உதிரும். உண்மைக் கம்பளி சோம்பலாக எரியும். தலைமுடி கருகும் நாற்றம் அடிக்கும். நெருப்பை எடுத்தால் தானே அணைந்துவிடும். மிஞ்சிய கறுப்புக் கட்டி விரலில் நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக் உருகிச் சொட்டும், கரும்புகை விடும், ஆறிய பிறகு நசுங்காத கெட்டி மணியாக நிற்கும். கம்பளியும் அக்ரிலிக்கும் கலந்த நூலில் முடி நாற்றமும் வரும், கெட்டி மணியும் நிற்கும். அதை அக்ரிலிக் பக்கமே சேர்த்துவிடுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் ஒரு சொம்பு தண்ணீர் இருக்கட்டும், நைலான் புடவையோடு இந்த வேலையைச் செய்யாதீர்கள்.

இந்தச் சோதனையை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. ஒருமுறை என் நாத்தனாருக்கு அழகான கைப்பிடித் துணி ஒன்று குரோஷாவில் பின்னிக் கொடுத்தேன். பருத்தி என்று நினைத்துப் பின்னியது அக்ரிலிக். அடுப்பிலிருந்து இரும்புச் சட்டியை இறக்கும்போது அது உருகி அவர் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது. இப்போதும் ஏதாவது பின்னிக் கொடுத்தால், "தீக்குச்சி காட்டினாயா?" என்று கேட்டுவிட்டுத்தான் வாங்குவார். சூடான பாத்திரம் படும் எதற்கும் அக்ரிலிக் கூடாது.

மூன்று குவியல் ஆனபிறகு சமையலறைத் தராசை எடுங்கள். லேபிள் உள்ள உருண்டையில் 50 கிராமுக்கு 120 மீட்டர் என்று போட்டிருந்து, உங்கள் கையில் 20 கிராம் மிச்சம் இருந்தால், அது 48 மீட்டர். லேபிள் இல்லாததைப் பள்ளிக்கூட அடிக்கோலில் நெருக்கமாக, ஆனால் இழுக்காமல் சுற்றுங்கள். ஓர் அங்குலத்தில் 14 சுற்றோ அதற்கு மேலோ விழுந்தால் மெல்லியது, 11 அளவில் நடுத்தரம், 9 அளவில் தடிமன். மெல்லிய நூல் இரண்டை ஒன்றாகப் பிடித்தால் ஏறத்தாழ நடுத்தர நூலின் வேலையைச் செய்யும். வெவ்வேறு காலத்தில் வாங்கிய உருண்டைகளை ஒரே பொருளில் சேர்க்க வழி இதுதான். ஒரே நிறம்தானே என்று நினைத்தாலும் லேபிளில் சாயத் தொகுதி எண் (ஒரே தடவையில் சாயம் தோய்த்ததைக் காட்டும் எண்) வேறாக இருந்தால் பின்னிய பிறகு வரப்பு போல ஒரு கோடு தெரியும். அப்படிப்பட்ட இரண்டை இரண்டு வரிசைக்கு ஒருமுறை மாற்றி மாற்றிப் போட்டால் கண்ணுக்குத் தெரியாது.

பெட்டியில் அந்துருண்டை வாசனை நிச்சயம் இருக்கும். இங்கே கொஞ்சம் நிற்கிறேன். அந்துப்பூச்சியின் புழு தின்பது ரோமமும் பட்டும்தான். அக்ரிலிக்கையும் சுத்தமான பருத்தியையும் அது சீண்டாது. பருத்திக்கு எதிரி வேறு, கஞ்சிப் பசையைத் தேடி வரும் இராமபாணப் பூச்சி. ஆக, 14 கிலோவில் அந்துப்பூச்சியிடமிருந்து காப்பாற்ற வேண்டியது கம்பளிக் குவியல் மட்டுமே. அதற்கு அந்துருண்டையைவிட நல்ல வழி நம் ஊரிலேயே இருக்கிறது. அக்னி நட்சத்திரத்தில் கம்பளியைக் கறுப்புப் பிளாஸ்டிக் பையில் கட்டி, மொட்டை மாடித் தரையில் நடுப்பகலில் வைத்துத் திருப்பித் திருப்பிப் போடுங்கள். பை முழுக்க 50 டிகிரிக்கு மேல் சூடேறிச் சிறிது நேரம் நின்றால் முட்டையும் புழுவும் மிஞ்சாது. வெயில் இல்லாத மாதமானால் காற்றுப் புகாத பையில் போட்டு, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள்; வெளியே எடுத்த பிறகு அறைச் சூட்டுக்கு வரும்வரை பையைத் திறக்காதீர்கள், இல்லாவிட்டால் நூலில் ஈரம் கோக்கும். அந்துருண்டையோடு கிடந்த நூலில் பச்சைக் குழந்தைக்கு எதையும் பின்ன வேண்டாம். நாப்தலீன் அந்துருண்டை, ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறந்த குழந்தைகளின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். அந்தக் குறை இருப்பது பல வீடுகளில் முன்கூட்டியே தெரியாது.

நாறும் நூலையும் கசங்கிய நூலையும் துவைக்கலாம். உருண்டையாகத் துவைக்காதீர்கள், உள்ளே காயாது. நாற்காலி முதுகில் சிட்டமாக, அதாவது பெரிய வளையமாகச் சுற்றி, நான்கு இடத்தில் தளர்வாகக் கட்டி, பூந்திக்கொட்டை ஊறிய வெதுவெதுப்பான தண்ணீரில் அமிழ்த்தி எடுங்கள், கசக்க வேண்டாம். வாணியம்பாடியிலிருந்து வாலாஜாப்பேட்டை வரை நம் போர்த் தண்ணீர் எப்படி என்று உங்களுக்கே தெரியும். உப்புத் தண்ணீரில் சோப்பு திரிந்து நூலில் படியும்; பூந்திக்கொட்டை திரியாது. சிவப்பு, அரக்குப் பருத்தி நூல்களை மட்டும் ஈரத் துணியில் முதலில் அழுத்திப் பாருங்கள், சாயம் போனால் வெள்ளையோடு சேர்க்கக் கூடாது.

இனி எதை என்ன செய்வது. பருத்திதான் இந்த ஊருக்கு வரம். அதில் ஒரு முழம்கூடக் கொடுக்காதீர்கள். உங்களுக்குத் தெரிந்த ஒற்றைக் குரோஷாவே போதும்: பாத்திரம் துடைக்கும் துணி ஒன்றுக்கு 40 கிராம் ஆகும், மில் துணியைவிட நன்றாக உறிஞ்சும், கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுக்கலாம். காய்கறிப் பையை வலைப் பின்னலாகப் போட்டால் சின்ன வெங்காயம் வைக்கக் காற்றோட்டமாக இருக்கும். நான் அதிகம் பின்னுவது பிரிமணை. வைக்கோலில் செய்த பிரிமணை இப்போது எந்த வீட்டில் இருக்கிறது? தடித்த பருத்தி நூல் நான்கை ஒன்றாகப் பிடித்து வட்டமாகச் சுற்றிக்கொண்டே போனால், குக்கர் வைக்கிற அளவுக்கு ஒரு மாலையில் முடிந்துவிடும். துண்டு நூல்களுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை.

மெல்லிய, பளபளப்பான லேஸ் நூல் மட்டும் பருத்தியிலேயே வேறு சாதி. ஒரு சிறிய உருண்டை மாதக்கணக்கில் வரும். மேசை விரிப்புக்கு ஆசைப்படாதீர்கள். கைக்குட்டை ஓரம், பருத்திப் புடவையின் முந்தானைக் குஞ்சம், ரவிக்கைக் கை ஓரம் என்று சின்ன வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். முந்தானைக் குஞ்சம் கட்டித் தருகிற பெண்கள் உங்கள் தெருவிலேயே இருக்கக்கூடும். மீதியை அவர்களிடம் கொடுத்தால் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள்.

கம்பளி கொஞ்சமாகத்தான் இருக்கும். வேலூரில் அதைப் போட்டுக்கொள்ள மார்கழி அதிகாலையைத் தவிர வேறு பொழுது இல்லை. ஏலகிரியிலோ ஜவ்வாது மலையிலோ உறவினர் இருந்தால் குல்லாயும் கழுத்துத் துணியும் பின்னி அனுப்புங்கள். யாரும் இல்லையென்றால் ஒரு வேடிக்கை செய்யலாம். தளர்வாகச் சதுரமாகப் பின்னி, சுடுதண்ணீரில் சோப்புப் போட்டு நன்றாகத் தேயுங்கள். சுருங்கிச் சுருங்கிக் கெட்டியான கம்பளமாக இறுகும். சூடான பாத்திரம் வைக்க அதற்கு இணை கிடையாது, ஏனென்றால் கம்பளி உருகாது, எளிதில் பற்றவும் செய்யாது. இயந்திரச் சலவையைத் தாங்கும் என்று லேபிளில் இருக்கிற கம்பளி மட்டும் இப்படி இறுகாது.

அக்ரிலிக்தான் தலைவலி. உங்கள் 14 கிலோவில் ஒன்பதோ பத்தோ அதுவாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். வியர்வையை உறிஞ்சாது, அடுப்படிக்கு ஆகாது. ஆனால் சாயம் போகாது, பூச்சி தின்னாது, எத்தனை முறை துவைத்தாலும் தாங்கும். எனவே கால்மிதி, தோரணம், போர்வை. நான்கு நூலை ஒன்றாகப் பிடித்து 9 மில்லிமீட்டர் குரோஷா ஊசியால் ஒற்றைக் குரோஷா போட்டால் ஒரு கால்மிதி 350 கிராமை விழுங்கும். நூல் வேகமாகத் தீர வேண்டும் என்றால் இதற்கு மேல் ஒன்றும் இல்லை. வீட்டுக்கு இரண்டு, கொலுவுக்கு வருகிறவர்களுக்கு வெற்றிலை பாக்கோடு சிறிய சுருக்குப் பை என்று வைத்தால் இரண்டு கிலோ போய்விடும். பொங்கல் சமயத்தில் எருது விடும் விழா நடக்கிற கிராமங்களில் யாரையாவது தெரியுமா? மாட்டின் கழுத்துப் பட்டைக்கும் கொம்புக்கும் கட்டப் பளிச்சென்ற நிறங்களில் பெரிய குஞ்சங்கள் செய்து கொடுங்கள். அங்கே கிளிப்பச்சையும் ரோஸும் ஒன்றோடொன்று சண்டை போட்டால்தான் அழகு. பிசிறு நூலை மரத்தில் தொங்கவிட்டால் பறவை கூடு கட்டும் என்று சிலர் செய்கிறார்கள். வேண்டாம், குஞ்சுகளின் காலில் சுற்றிக்கொள்ளும்.

போர்வை என்றால், நடுவிலிருந்து சுற்றுச் சுற்றாகப் பின்னும் சதுரங்கள்தான் நல்லது. 10 சென்டிமீட்டர் சதுரம் ஒன்றுக்கு நடுத்தர நூல் 7 கிராம். 150 சதுரம் சேர்த்தால் ஒருவர் போர்த்தும் அளவு. எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேல். மடியில் கொஞ்சமாக வைத்துச் செய்யலாம், பஸ்ஸில்கூடச் செய்யலாம். 2016 ஜனவரி 31 அன்று சென்னையில் மதர் இந்தியாஸ் குரோஷே குயீன்ஸ் என்ற பெண்கள் குழு 11,148.5 சதுர மீட்டர் குரோஷா போர்வையைக் காட்டிக் கின்னஸ் சாதனை செய்தது. அதுவும் பலர் தங்கள் வீட்டில் பின்னிய சிறிய போர்வைகளை ஒன்றாக இணைத்ததுதான். ஒரே ஒரு எச்சரிக்கை: ஒவ்வொரு சதுரத்தின் நூல் நுனியையும் அன்றன்றே பின்னலுக்குள் அமுக்கி மறைத்துவிடுங்கள். கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட 300 நுனிகளால் பாதியில் நின்றுபோன போர்வைகளை எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

ஒரே நிறம் நிறைய இருந்தால் மூலையிலிருந்து மூலைக்குப் போகும் போர்வையைப் போடுங்கள். ஒரு மூலையில் தொடங்கி வரிசைக்கு வரிசை அகலமாக்கிக்கொண்டே போய், தராசில் பாதி நூல் தீர்ந்ததும் குறைக்கத் தொடங்கினால் எதிர் மூலையில் நூலும் தீரும், போர்வையும் முடியும். கணக்கே வேண்டாம். வேறு எதிலாவது இன்னும் இரண்டு வரிசைக்கு நூல் வருமா என்ற சந்தேகம் வந்தால், மிச்ச நூலைப் பாதியாக மடித்து நடுவில் ஒரு சுருக்கு முடிச்சுப் போடுங்கள். முடிச்சு வருவதற்குள் இரண்டு வரிசை முடிந்தால் இன்னும் இரண்டு போகலாம்.

நிறச் சேர்க்கையைப் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். நிறச் சக்கரம் எல்லாம் எதற்கு? பக்கத்தில் ஆரணி இருக்கிறது. பட்டுப்புடவைக் கடையில் உட்கார்ந்த கண் உங்களுக்கு இருக்கிறது. அரக்குக்கு மாம்பழ மஞ்சள், மயில்கழுத்துக்கு ரோஸ், வெங்காயத்தோல் நிறத்துக்கு இலைப்பச்சை என்று உடலுக்கும் கரைக்கும் எப்படிச் சேர்ப்பார்களோ அப்படிச் சேருங்கள். ஐந்தாறு நிறங்கள் ஒன்றாக வரும்போது கைப்பேசியில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துப் பாருங்கள். எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் வெளிர்நிறம் ஒன்று உள்ளே வர வேண்டும். எல்லாச் சதுரத்துக்கும் கடைசிச் சுற்று ஒரே நிறமாக இருந்தால் எவ்வளவு கலவரமான நிறங்களும் அடங்கிவிடும். அந்தக் கடைசிச் சுற்று நிறத்தைக் கடைக்குப் போய் வாங்காதீர்கள்! இருப்பதில் எது அதிகமோ அதுதான் கரை.

கொடுப்பதற்கு வருவோம். மருத்துவமனைகளில் குறைமாதக் குழந்தைகளுக்குக் குல்லாய் தேவைப்படும். தாயின் மார்போடு அணைத்து வைக்கும் கங்காரு பராமரிப்பில் குழந்தையின் தலையை மூடி வைக்கச் சொல்வார்கள். ஆனால் கேட்காமல் பின்னிக்கொண்டு போய் நிற்காதீர்கள். வெளியிலிருந்து வருவதை வாங்குவார்களா, எந்த அளவு, எப்படித் துவைத்தது என்பதை வார்டு செவிலியரே சொல்லட்டும். நம் வெயிலுக்கு மென்மையான பருத்திதான் சரி. பொத்தான், குஞ்சம், விரல் மாட்டும் ஓட்டை எதுவும் கூடாது. மார்பகப் புற்றுநோய் அறுவை செய்துகொண்ட பெண்களுக்கு உள்ளாடைக்குள் வைத்துக்கொள்ளப் பருத்தியில் செயற்கை மார்பகம் பின்னிக் கொடுக்கும் தன்னார்வக் குழுக்களும் இந்தியாவில் இருக்கின்றன. எந்த நூல் ஆகும் என்று அவர்களே கறாராகச் சொல்வார்கள்.

பின்னாத நூலைக் கொடுக்க எனக்குத் தெரிந்த மிக நல்ல இடம் காந்தி ரோட்டைச் சுற்றியுள்ள லாட்ஜுகள். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்குச் சிகிச்சைக்காக மேற்கு வங்கத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வருகிற குடும்பங்கள் வாரக்கணக்கில் அங்கே தங்குகிறார்கள். அந்தப் பெண்கள் பலருக்கு ஊசிப் பின்னல் கைவந்த கலை; அவர்கள் ஊரில் குளிர்காலம் என்று ஒன்று நிஜமாகவே உண்டு. பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்கும் நாட்களில் கையில் வேலை இல்லாததுதான் பெரிய கொடுமை. போன ஐப்பசியில் ஒரு பை நிறைய அக்ரிலிக்கும் இரண்டு ஜோடி ஊசியும் கொண்டுபோய்க் கொடுத்தேன். மொழி தெரியாத எனக்கு ஓர் அம்மாள் விரலை மடக்கி மடக்கிக் காட்டி, என் ஆசிரியைக்கே தெரியாத, பின்னலை முடிக்கும் முறை ஒன்றைச் சொல்லிக் கொடுத்தார். நல்ல நிலையில் உள்ள முழு உருண்டைகளில் நான்கு கிலோவையாவது இப்படிக் கொடுத்துவிடுங்கள்.

அம்மாவை இந்த வேலையிலிருந்து ஒதுக்கிவிடாதீர்கள். ஊசி பிடிக்க முடியாவிட்டாலும் எது எந்த வருடம் எங்கே வாங்கியது என்று அவருக்குத் தெரியும். நிறம் சேர்ப்பதையும் அவரிடமே விடலாம். அவருடைய பழைய மாதிரிப் புத்தகங்களைப் பயன்படுத்தும்போது ஒன்றைக் கவனியுங்கள். நம் ஊருக்கு வந்தவை பெரும்பாலும் பிரிட்டிஷ் முறையில் எழுதப்பட்டவை. அதில் இரட்டைக் குரோஷா என்று இருப்பது, நீங்கள் இணைய வீடியோவில் கற்ற அமெரிக்க முறையின் ஒற்றைக் குரோஷா. இது தெரியாமல் செய்தால் பொருள் ஏறத்தாழ இரண்டு மடங்கு உயரமாக வந்து நிற்கும்.

கடைசியாக, டிரங்குப் பெட்டியின் அடியில் ஊசியோடு பாதி பின்னிய சிறிய ஸ்வெட்டர் ஒன்று இருக்கிறது, அதைப் பிரித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதை யாருக்காகத் தொடங்கினார் என்று முதலில் அம்மாவைக் கேளுங்கள். பிரிக்கச் சொன்னால் பிரிக்கலாம். கையால் பின்னியது என்பதால் நூல் அறுபடாமல் நீளமாக வரும். நெளிநெளியாக இருக்கும் நூலைச் சிட்டமாக்கி நனைத்து, கீழே கனமில்லாத ஒரு கரண்டியைக் கட்டி நிழலில் தொங்கவிடுங்கள், நேராகிவிடும். முடிக்கச் சொன்னால் ஊசியின் தலையில் உள்ள எண்ணைப் பாருங்கள். 10 என்றால் 3.25 மில்லிமீட்டர், 8 என்றால் 4. மாற்று ஊசி வாங்கும்போது அந்த மில்லிமீட்டரைச் சொல்லிக் கேளுங்கள்.